எலும்புக்கு ஆறு மாத ஊசி போடுபவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா?

நாடு திரும்பும் குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழ், பயண ஆவணம், பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ் எல்லாவற்றையும் கவனமாகக் கொண்டுவருகின்றன. அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ எலும்புக்குக் கடைசியாக ஊசி போட்ட திகதி எழுதிய அட்டை மட்டும் பல வேளைகளில் வராது. ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறைதானே, ஊர் போய்ச் சேர்ந்து பார்ப்போம்’ என்று விட்டுவிடுகிறோம். இந்த ஊசியைப் பொறுத்தவரை அப்படி விடுவது ஆபத்தானது.

இங்கே சொல்வது டெனோசுமாப் என்ற மருந்தைப் பற்றி. புரோலியா என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். வேறு கம்பனிப் பெயர்களிலும் வருகிறது. 60 மில்லிகிராம் மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றிலோ தொடையிலோ மேற்கையிலோ தோலுக்குக் கீழே ஏற்றுவார்கள். 2010 முதல் பாவனையில் உள்ளது. ஒஸ்ரியோபொரோசிஸ் எனப்படும் எலும்பு நலிவுக்கே இது. முழங்கால் மூட்டுத் தேய்வுக்குப் போடும் ஊசி வேறு. இரண்டையும் ‘எலும்பு ஊசி’ என்றே வீட்டில் சொல்வதால் வைத்தியரிடம் போகும்போது குழப்பம் வருகிறது.

எலும்பு உயிருள்ள பொருள். ஒருவகைக் கலங்கள் பழைய எலும்பை அரித்து எடுக்க, இன்னொரு வகைக் கலங்கள் புதிதாகக் கட்டும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு அரிப்பு கூடி, கட்டுவது பின்தங்குகிறது. அரிக்கும் கலங்களை உருவாக்கித் தூண்டும் ஒரு புரதத்தை டெனோசுமாப் பிடித்து நிறுத்திவிடும். ஆனால் இந்த மருந்து எலும்பில் தங்குவதில்லை. ஆறு மாதத்தில் அதன் வேலை தீர்ந்துவிடும். அதுவரை அடங்கியிருந்த அரிப்பு பிறகு முன்னையிலும் வேகமாகத் தொடங்கும். ஊசி நின்றுபோன சிலருக்கு முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றல்ல, பல நொறுங்கியிருக்கின்றன. கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதத்திலேயே இது நடந்ததாகவும் பதிவு உண்டு. விழ வேண்டும் என்றுகூட இல்லை. தண்ணீர் வாளியைத் தூக்கினாலே போதும்.

ஆகவே முதலில் திகதியைக் கணக்கிடுங்கள். கடைசி ஊசி ஜனவரி 10 என்றால் அடுத்தது ஜூலை 10. ஓகஸ்ட் 10ஐத் தாண்ட விடவே கூடாது. அட்டை இல்லையென்றால் முன்பு ஊசி போட்ட இடத்துக்குத் தொலைபேசியில் பேசி, மருந்தின் பெயரையும் திகதியையும் ஆங்கில எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே நாள் கடந்திருந்தாலும் ‘இனிப் பயனில்லை’ என்று இருக்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள்.

கொழும்பில் எங்கே போவது?

வெள்ளவத்தையில் தங்கியிருப்போருக்குக் களுபோவிலயிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை கிட்ட. கொட்டாஞ்சேனையில் இருப்போர் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போகலாம். வெளிநோயாளர் பிரிவில் முதலில் காட்டினால், அங்கிருந்து உரிய கிளினிக்குக்கு எழுதி அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. ஆனால் இந்த ஊசி அங்கே எப்போதும் இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். வெளியே வாங்கும்படி துண்டு எழுதித் தரலாம். ஒசுசலவிலும் தனியார் பாமசிகளிலும் விலை கேட்டுப் பாருங்கள்.

பணம் போதாவிட்டால் அதை வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பேசாமல் ஊசியை நிறுத்துவதுதான் பிழை; மாற்று மருந்துக்கு வழி உண்டு. வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேற் குளிசை, வருடம் ஒருமுறை நாளத்தில் ஏற்றும் ஸொலெட்ரோனிக் அசிட் 5 மில்லிகிராம் ஆகியவை எலும்பிலேயே ஒட்டித் தங்குபவை. டெனோசுமாப்பை நிறுத்துவோருக்கு இவற்றில் ஒன்றை வைத்தியர் தொடர்ந்து கொடுப்பார். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இவை பொருந்தாமல் போகலாம். அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

ஊசியைப் பயணப் பையில் கொண்டுவர எண்ணுவோர் கவனிக்க: இது 2 முதல் 8 பாகை செல்சியசில் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்க வேண்டிய மருந்து. உறையவோ குலுக்கவோ கூடாது. வெளியே சில நாள் வைக்கலாம் என்று தாளில் போட்டிருப்பது 25 பாகைக்கு மேற்படாத இடத்துக்குத்தான். கொழும்பில் நம் அறை எதுவும் அப்படி இல்லை! மின்தடை நேரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடும் நாளில் இங்கேயே வாங்குவது நல்லது. வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ புறப்படும் நாள் ஊசி நாளுக்குக் கிட்ட வந்தால், கொழும்பில் போட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

ஊசிக்கு முன் இரத்தத்தில் கல்சியம் பார்க்க வேண்டும். குறைவாக இருக்கும்போது போட்டால் இன்னும் இறங்கிவிடும். சிறுநீரக நோய் முற்றியவர்களுக்கும் இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர்களுக்கும் இது உயிராபத்து வரை போகலாம் என்று 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பின் விரல்களிலும் வாயைச் சுற்றியும் விறைப்பு, தசைப்பிடிப்பு வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கல்சியம், விற்றமின் டி குளிசைகளை இடையில் விடாதீர்கள். பல் பிடுங்க இருந்தால், அருமையாகத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு என்பதால், பல் வைத்தியருக்கும் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லுங்கள். தொடையிலோ கவட்டிலோ விடாத நோவு இருந்தாலும் காட்டுங்கள்.

வயதானவர் விழுந்து எழும்ப முடியாமல் இருந்தால், அல்லது திடீரென முதுகு நோவு வந்து நிமிர முடியாவிட்டால், முச்சக்கரவண்டியில் மடக்கி ஏற்ற வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எந்த ஊசி, எப்போது போட்டது என்ற தாளையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.