நெடுநேரக் கணினி விளையாட்டும் புலனுணர்வும்

பாகூர் ஏரி நிரம்பிக் கலிங்கில் விழும் நீரைச் சற்று நேரம் உற்றுநோக்கிய பின் கரையைப் பார்த்தால், கரை மேலேறுவதுபோல் தோன்றும். ஒரே திசை இயக்கத்தைத் தொடர்ந்து கண்டமையால் நரம்பணுக்களின் உணர்திறன் குறைவதே இதற்குக் காரணம். காட்சிகள் ஒரே திசையில் நகரும் விளையாட்டுகளை நெடுநேரம் ஆடுவோர்க்கும் இது நிகழும், விரைவில் மறையும்.

உறங்கத் தொடங்கும் வேளையில் தோன்றும் விளையாட்டுக் காட்சிகள் இதனின் வேறானவை. இராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், டெட்ரிஸ் ஆடியதையே நினைவுகூர இயலாத மறதி நோயாளர் ஐவருள் மூவர் அத்தகைய காட்சிகளைக் கண்டனர். எனவே, அவை நனவு நினைவைச் சாராமலும் எழக்கூடும் என்பது பெறப்படுகிறது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 வகைப்பாடு 2022 முதல் நடைமுறையில் உள்ளது. விளையாட்டுக் கோளாற்றுக்கு அது கூறும் அடையாளங்கள் மூன்று: கட்டுப்பாடு இழத்தல், பிறவற்றினும் விளையாட்டுக்கு முதன்மை தருதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல். காட்சித் தோற்றங்கள் அவற்றுள் இடம்பெறவில்லை. ஆகவே, அத்தோற்றங்களைக் கூறும் மாணவரை அதனாலேயே நோயர் எனக் கருதுவதும், கூறாதவரை நலமுடையவர் எனக் கொள்வதும் பொருந்தா. உறக்கம், கல்வி, தற்கட்டுப்பாடு ஆகியவை பற்றியே ஆசிரியர் முதலில் வினவ வேண்டும்.