தறியின் அட்டையும் திரையின் கட்டளையும்

நுழையும்முன்

திரையில் நாம் சில நொடிகளே கண்டு வியக்கும் காட்சியின் பின்னே கணினிக் கலைஞர் பலரின் உழைப்பு உள்ளது. ஒருவர் கண்டறிந்த வழியை மற்றவர் எடுத்தாள முடிந்தால்தான் அவ்வுழைப்பு பன்மடங்கு பயன் தரும். அதற்குரிய முறையையும் நெறியையும் விளக்குகிறது இக்கட்டுரை.

தறி தரும் விளக்கம்

திருச்சுழியை அடுத்து, வானம் பார்த்த பூமியில் அமைந்த அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். சேலையில் பூவேலைப்பாடு அமைக்க நெசவாளர் பயன்படுத்தும் கருவிகளுள் ஒன்று ஜக்கார்டு. பிரான்சு நாட்டின் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். எந்தப் பாவு நூல் மேலெழ வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகள் முடிவுசெய்யும். அட்டையில் நூலும் இல்லை, நிறமும் இல்லை. நெய்யும் முறை மட்டுமே உள்ளது. ஆகவே, அதனை வேறொரு தறியில் ஏற்றி, வேறு நிறத்தில் அதே பூவை நெய்யலாம். ஆனால், இரு தறிகளின் நூலமைப்பும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் பூ உருக்குலையும்.

கட்டளைக் கோப்பு

பச்சைத் திரையின்முன் நடிகரைப் படமெடுத்து, அப்பச்சையை நீக்கி, வேறு பின்புலத்தோடு இணைக்கும் கலையைக் கம்பாசிட்டிங் என்பர். நொடிக்கு 24 படச்சட்டங்கள் என்பதால், ஐந்து நொடிக் காட்சிக்கு 120 படச்சட்டங்களைச் செம்மைசெய்ய வேண்டும். இதற்குப் பயன்படும் நியூக் என்னும் மென்பொருள், அமெரிக்காவின் டிஜிட்டல் டொமைன் நிறுவனத்தில் 1993இல் உருவானது. படத்தைப் படித்தல், நிறம் திருத்தல், இணைத்தல் என ஒவ்வொரு செயலும் இதில் ஒரு கணுவாகும். கணுக்களின் தொடர்பைக் காக்கும் கோப்பே ஸ்கிரிப்ட். ஜக்கார்டு அட்டையைப்போல, இதிலும் படம் இல்லை. படம் இருக்கும் இடமும் செய்முறையும் எழுத்துவடிவில் உள்ளன.

2010இல் வெளிவந்த 'எந்திரன்' திரைப்படத்திற்காக வி. சீனிவாச மோகன் சிறப்புக் காட்சி விளைவுகளுக்கான தேசிய விருது பெற்றார். இத்தகைய படங்களில் ஒரே அரங்கில், ஒரே ஒளியில் எடுத்த காட்சித் துண்டுகள் பல இருக்கும். அவற்றுள் ஒன்றுக்கு அமைத்த ஸ்கிரிப்டை மற்றவற்றிற்கும் அடிப்படையாகக் கொண்டால் காலம் மிஞ்சும். காட்சிகளின் நிறமும் ஒத்து அமையும்.

பகிரும் முறை

பகிர்ந்த கோப்பு பிறர் கணினியில் இயங்காமல் போவதும் உண்டு. படம் இருக்கும் இடத்தின் முகவரி மாறினால் கோப்பு அதனைத் தேடித் தவிக்கும். துணைமென்பொருள் இல்லையேல் கணு செயலற்றுப்போகும். படத்தின் நிற அமைப்பு வேறாயின், அதே எண்கள் வேறு நிறத்தைத் தரும். ஆதலின், மென்பொருளின் பதிப்பைக் குறிப்பிடுதல், கணுக்களுக்குப் பொருள் விளங்கப் பெயரிடுதல், ஏன் இவ்வாறு செய்தோம் என இரண்டொரு வரி எழுதிவைத்தல் ஆகியன இன்றியமையாதவை. குறிப்பில்லாக் கோப்பு, அதை எழுதியவருக்கே சில திங்களில் புதிராகிவிடும்.

பகிர்வின் அறம்

கண்மாய் நீரைப் பகிர்ந்துகொண்ட ஊரார், குடிமராமத்து என்னும் முறையால் அதன் கரையையும் சேர்ந்தே பேணினர். பொதுக் கோப்பிற்கும் இதுவே நெறி. எடுத்தாண்டவர் பிழை கண்டால் திருத்தித் திரும்பத் தருதல் வேண்டும். முதலில் எழுதியவரின் பெயரை நீக்குதல் கூடாது. நிறுவனத்திற்குரிய கோப்பை இசைவின்றி வெளியே கொடுப்பது பகிர்வன்று, நம்பிக்கைக் கேடு.

கம்பாசிட்டிங் வசதியும் கொண்ட பிளெண்டர் மென்பொருளின் மூலநிரல் 2002இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. அதனை விலையின்றிப் பெறலாம். கணினி கிடைக்குமாயின், திருச்சுழியில் பயிலும் மாணவரும் தேர்ந்த கலைஞர் பகிர்ந்த கோப்பைத் திறந்து, ஒவ்வொரு கணுவாக நிறுத்திப் பார்த்து, அது செய்யும் பணியை அறியலாம். அவ்வாறு கற்றவர், தாம் அமைக்கும் கோப்பை அடுத்தவர்க்கு விளங்குமாறு எழுதிவைத்தல் கடமையாகும்.