வகுப்பறைக்குள் வரும் கடல்

ஒலுவில் துறைமுகத்தின் கல்லணைப் பக்கம் போய்வருகின்றவர்களுக்கு அங்குள்ள நிலைமையை நாம் விளக்கத் தேவையில்லை. 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. வடக்கே, நிந்தவூர்ப் பக்கமாகக் கரையோரத் தென்னைகளைக் கடல் அரித்துக்கொண்டு போனது. காணியையும் தோணித் துறையையும் இழந்தவர்களுக்கு இது பிழைப்புப் பிரச்சினை. 2004 டிசெம்பர் 26 காலையில் கடல் எழும்பி வந்ததைக் கண்ணால் கண்டவர்களுக்கோ இதில் வேறொரு தொல்லையும் இருக்கின்றது. அதைப் பற்றியே இம்முறை எழுதுகின்றோம்.

நாம் அறிந்த ஆசிரியை ஒருவர். பெயரும் ஊரும் வேண்டாம். சுனாமியில் தாயையும் ஒரு பிள்ளையையும் இழந்தவர். குடும்பத்தின் வயற்காணி முந்திய இடப்பெயர்விலேயே கைவிட்டுப்போயிற்று. கணவருக்கு நிலையான தொழில் இல்லை. ஆகவே வீட்டில் அடுப்பெரிவது அவருடைய சம்பளத்தில்தான். ஒரு நாள் ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். "மணியடிச்சா நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேக்குது சுவாமி. புள்ளைகள் வாங்கைத் தள்ளினாக் கத்திப்போடுறன். இனி ஏலாது" என்றார்.

இது சோம்பலோ திறமைக் குறைவோ அன்று. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் இதற்கு 'மனவடு' என்ற நல்ல தமிழ்ச் சொல்லை வழங்கினார்கள். மருத்துவ உலகம் 1980இல்தான் இதைத் தனியொரு நோயாகப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. நம் ஊர்களிலோ 'வெருண்டது', 'பயந்த குணம்' என்று பாட்டிமார் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள்.

யானைக் காவலுக்குப் பரணில் இருந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். கதிர் முற்றிய காலத்தில் சருகு அசைந்தாலும் விழித்துக்கொள்ள வேண்டும். அதுவே காவற்காரனின் கெட்டித்தனம். ஆனால் அறுவடை முடிந்து, வைக்கோலும் ஏற்றிய பிறகும் அவன் பரணை விட்டு இறங்காமல், சருகு சத்தத்துக்கெல்லாம் வெடி கொளுத்திக்கொண்டிருந்தால் எப்படி? மனவடு உள்ளவரின் மூளையில் அந்தக் காவற்காரன் இறங்காமல் இருக்கின்றான். கதவு அடித்தால், பிள்ளைகள் ஒன்றாகக் கூவினால், அவன் வெடி கொளுத்துகின்றான். உடனே நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், கோபம் பொங்கும். இரவில் கனவாக வருவான். அவனுக்குப் பயந்து அந்த மனிதர் கடற்கரைப் பாதையை விடுவார், கலியாண வீட்டை விடுவார், கடைசியில் பாடசாலையையும் விடுவார். நாளடைவில் மகிழ்ச்சியும் துக்கமும் தெரியாத மரத்த நிலை வரும். அதை வீட்டார் 'இவளுக்குப் பாசம் அற்றுப்போச்சு' என்று பிழையாக எண்ணுவதுண்டு.

பெரிய ஆபத்தின் பின் முதல் சில வாரங்கள் இவை யாருக்கும் வரலாம். பெரும்பாலும் தானே தணியும். ஒரு மாதத்துக்கு மேலும் நின்று, வேலையையும் குடும்பத்தையும் குழப்பினால் வைத்தியரை நாட வேண்டும். இந்தக் கரையிலோ ஒன்று ஆறுமுன் மற்றொன்று வந்தது: 1990இன் வன்செயல்கள், 2004இன் கடல், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் பின் சாய்ந்தமருதிலும் வெடித்த குண்டுகள். தமிழர், முஸ்லிம் என்று காவற்காரன் பார்ப்பதில்லை.

ஆசிரியத் தொழிலில் இது ஏன் கூடுதலாக வருத்துகின்றது? அலுவலகத்தில் இருப்பவர் சற்று எழுந்து வெளியே போகலாம். ஆசிரியர் நாற்பது பிள்ளைகளை விட்டுப் போக முடியாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொங்கும் கோபம் சில வேளை பிரம்பில் முடிகின்றது. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் சொன்னது. அடிபடும் பிள்ளையும் ஒருவேளை அதே அலையில் உறவுகளை இழந்த வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம்.

அந்த ஆசிரியையிடம் கடிதத்தை ஒரு தவணைக்கு ஒத்திவைக்கும்படி மட்டும் கேட்டோம். அதிபரிடம் எல்லாக் கதையும் சொல்லவில்லை. "எனக்கு நித்திரைக் குறைவு, வைத்தியம் நடக்கிறது, முதலாம் பாடம் வேண்டாம்" என்றார். அதிபர் நல்லவர், நேரசூசியை மாற்றினார். வாசலைப் பார்த்தபடி மேசையைத் திருப்பிப் போட்டார், யார் வருகிறார் என்பது தெரிய. மணியடிக்குமுன் கடிகாரத்தைப் பார்த்துத் தயாராகிக்கொள்வார். நெஞ்சு அடிக்கத் தொடங்கினால் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, பாதங்களைத் தரையில் ஊன்றி, மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுவார். பின் கண்ணில் படும் ஐந்து பொருட்களை மனத்துக்குள் பெயர் சொல்லுவார்: கரும்பலகை, வெண்கட்டி, யன்னல், பை, வேப்பமரம். இப்போது இருப்பது வகுப்பறை என்பதைக் காவற்காரனுக்கு அறிவிக்கும் வழி இது.

இவை நாளைக் கடத்த உதவும்; நோயைத் தீர்க்க வைத்தியம் வேண்டும். சுனாமியின் பின் வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பகுதியினர் நடந்ததைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தின் பின் இரு பகுதியிலும் பெரும்பாலானோர் தேறியிருந்தனர். ஆனால் பயிற்சியில்லாதவர் ஒருவர் துருவித் துருவிக் கேட்பது புண்ணைக் கிளறுவதாகும். குருமாராகிய எமக்கும் இது பொருந்தும்.

வைத்தியர் மாத்திரை தந்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமாக நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டாரின் நித்திரைக் குளிசையும் சாராயமும் நாளடைவில் நிலைமையை மோசமாக்கும். தண்ணீர் ஓதிக் குடிப்பதையும் செபத்தையும் நாம் தடுக்கவில்லை. அவற்றோடு கிளினிக்குக்கும் போங்கள் என்கின்றோம். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் உளநலச் சிகிச்சை பற்றி விசாரிக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். "எல்லாருக்கும்தானே நடந்தது, நீ மட்டும் ஏன்?" என்று கேட்காதீர்கள். தூங்கும்போது தொட்டு எழுப்பாமல், சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கிளினிக் நாளில் பேருந்து நிலையம் வரையாவது கூடப் போங்கள்.

அந்த ஆசிரியை மூன்று தவணைகளைக் கடந்துவிட்டார். டிசெம்பர் மாதம் இன்னும் கடினமாகவே இருக்கின்றது. கடிதத்தைக் கிழிக்கவில்லை, அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கின்றதாம்.