நாட்டு மீன் வளர்ப்போர் சங்கம்: நடத்துவது எப்படி?

அரியாங்குப்பம் ஆற்றின் பெயர் ஒரு சிறிய மீனின் மூலம் உலகெங்கும் தெரிந்திருக்கிறது. 1831-ஆம் ஆண்டு பிரெஞ்சு விஞ்ஞானி குவியே இந்த ஆற்றில் கிடைத்த மீன் ஒன்றை விவரித்து எழுதினார். பிரெஞ்சுக்காரர்கள் ஊர்ப் பெயரை 'அரியான் கூப்பாங்' என்று எழுதிவந்தனர். அதிலிருந்து மீனுக்குக் 'குபானஸ்' என்ற பெயர் அமைந்தது. சுமார் இரண்டரை அங்குலம் வளரும் இந்த மீனை வெளிநாடுகளில் ஆர்வலர்கள் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் போற்றி வளர்க்கிறார்கள். நம் விவசாயிகளோ வாய்க்காலில் அதைப் பார்த்தும் பாராமல் கடந்து செல்கிறார்கள்.

குபானஸ், அயிரை, பனையேறிக் கெண்டை, ஆரல் போன்ற நாட்டு மீன்கள் வயலிலும் குட்டையிலும் வாய்க்காலிலும் வாழ்பவை. குட்டைகள் தூர்ந்து போவதாலும், பூச்சிமருந்து கலந்த நீர் வடிவதாலும், வெளிநாட்டு மீன்கள் பெருகுவதாலும் இவற்றின் இடம் சுருங்கி வருகிறது. கொசுவை ஒழிக்க 1928-இல் கொண்டுவந்த கம்பூசியாவும், 1952-இல் வந்த ஜிலேபி மீனும் நம் நீர்நிலைகளில் நிலைத்துவிட்டன. இவை நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அந்த நாட்டு மீன்களில் ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து 1972-இல் வட அமெரிக்க நாட்டு மீன்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். உறுப்பினர்களுக்கென ஒரு பத்திரிகை நடத்தினார்கள். ஆண்டுதோறும் கூடிப் பேசினார்கள். ஆராய்ச்சிக்குச் சிறு நிதியும் உதவினார்கள். பிள்ளைச்சாவடி போன்ற கடலோர ஊர்களில் கிணறும் சிறு நிலமும் உள்ள விவசாயிகள் இதே முறையைச் சிறிய அளவில் பின்பற்றலாம்.

எந்த மீன் ஏற்றது?

தொடக்கத்திற்குக் குபானஸ் நல்லது. இது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். எனவே காற்று இயந்திரம் தேவையில்லை. சற்று உப்பேறிய நீரையும் தாங்கும் என்பதால் கடலோரக் கிணற்று நீர் இதற்குத் தடையாகாது. ஆண் மீன் இலைக்கு அடியில் நுரைக்கூடு கட்டி, முட்டைகளை வாயால் எடுத்து அதில் சேர்த்துக் காவல் காக்கும். முட்டையிடும் காலத்தில் பெண் மீன் கறுத்துக் காணப்படும்.

தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னும் சிறு மீன் மற்றொன்று. இது நீரின் மேல்மட்டத்திலேயே திரிந்து கொசுப்புழுவைத் தின்னும். கோவாவில் 1990-களில் மலேரியாக் கொசுவைக் கட்டுப்படுத்தும் சோதனைகளில் இவ்வகை மீன் பயன்பட்டது. கொசுப்புழுவுக்காக வெளிநாட்டு மீனைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

தொட்டி அமைப்பு

ஆறு அடி நீளம், மூன்று அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள சிமெண்டுத் தொட்டி போதும். புதுத் தொட்டியில் நீரை நிரப்பிச் சில நாள் வைத்து வடித்துவிட வேண்டும். இப்படி மூன்று, நான்கு முறை செய்தால் சிமெண்டின் காரம் போய்விடும். பாதித் தொட்டிக்கு ஓலை நிழல் தேவை. ஆகாயத்தாமரையைத் தவிர்த்து வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளை இடலாம். குழாய் நீரானால் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். பூச்சிமருந்து தெளித்த கைகளையும் வாளியையும் தொட்டி அருகே கொண்டுவரவே கூடாது.

சங்கம் நடத்தும் முறை

பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்கிவிடலாம். புதுச்சேரியில் 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள ஏழு பேர் போதும். சந்தா சிறியதாக இருக்கட்டும். வரவு செலவை மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்ட வேண்டும். பல சங்கங்கள் மீன் செத்ததால் கலைவதில்லை. கணக்குத் தெரியாததால் கலைகின்றன.

புது உறுப்பினருக்கு விலைக்கு மீன் விற்பதைவிட, விதை நெல் கடன் கொடுப்பதுபோல் மீன் கடன் கொடுப்பது நல்லது. இரண்டு ஜோடி வாங்கியவர், குஞ்சு வளர்ந்ததும் பத்து மீன்களைச் சங்கத்திற்குத் திருப்பித் தரட்டும். அவை அடுத்தவருக்குப் போகும். ஒவ்வோர் இனமும் குறைந்தது மூன்று வீடுகளிலாவது இருக்க வேண்டும். ஒரு தொட்டி நோயில் அழிந்தாலும் இனம் மிஞ்சும்.

ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நோட்டு வேண்டும். மீன் எந்தக் குட்டையில், எந்தத் தேதியில் கிடைத்தது, எப்போது குஞ்சு பொரித்தது என்று குறிக்க வேண்டும். ஓர் ஊர் மீனை வேறு ஊர் மீனோடு கலக்கக் கூடாது.

உறுப்பினர் சேவை

மீன் கொடுத்ததோடு சங்கத்தின் கடமை முடிந்துவிடாது. முதல் மாதத்தில் அனுபவமுள்ள ஒருவர் வாரம் ஒருமுறை புது உறுப்பினரின் தொட்டியைப் பார்த்துவர வேண்டும். முதல் வாரத்தில் மீன் செத்தால், காரணம் அறிந்து வேறு மீன் தர வேண்டும். குறை சொல்லவந்தவரைக் கடிந்து அனுப்பினால் அவரோடு இன்னும் நான்கு பேர் போய்விடுவார்கள்.

மீன் அனுப்பும்போது முந்திய ஒரு நாள் தீனி கொடுக்கக் கூடாது. பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி காற்றும் இருக்கட்டும். வந்து சேர்ந்ததும் பையை இருபது நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். புதிய மீனை இரண்டு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்க்காமல் மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது.

வருமானம் உண்டா?

இதைப் பெரிய வருமானமாக எண்ணித் தொடங்குவது தவறு. சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தையில் ஓடுபவை பெரும்பாலும் வெளிநாட்டு இனங்களே. நாட்டு மீனை நாடுவோர் குறைவு. ஆனால் தேடி வருபவர், மீன் எங்கிருந்து வந்தது, தொட்டியில் பிறந்ததா என்று கேட்டு வாங்குபவர். நோட்டு வைத்திருக்கும் சங்கமே அவருக்குப் பதில் சொல்ல முடியும். எனவே கடன் வாங்காமல், இருக்கும் தொட்டியில் தொடங்குவதே சிறு விவசாயிக்கு ஏற்றது.

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுப்புற வண்ண மீன் வளர்ப்புக்கும் மானியம் சேர்க்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் 60 சதவீதமும் என வகுக்கப்பட்டது. விண்ணப்பம் பெறப்படுகிறதா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகே செலவில் இறங்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

ஆற்றிலிருந்து சில ஜோடிகளுக்கு மேல் பிடிக்கக் கூடாது. முட்டையிடும் மழைக்காலத்தில் பிடிக்கவே கூடாது. வேண்டாத வெளிநாட்டு மீனை ஏரியிலோ குட்டையிலோ விடுவது பெருந்தவறு. தொட்டியில் வளர்ந்த நாட்டு மீனையும் துறையினரைக் கேட்காமல் ஆற்றில் விடக் கூடாது, நோய் பரவக்கூடும்.

மேலும் விவரம் வேண்டுவோர் புதுச்சேரி மீன்வளத் துறையையும், குரும்பாப்பேட்டை பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தையும் நேரில் அணுகலாம்.