உங்களுக்குத் தெரியுமா? ஆகாய கங்கையில் குளிக்கக் கிளம்பும் முன்…

◆ கொல்லிமலை ஆகாய கங்கை ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதில் நனைய வேண்டுமென்றால் நாம்தான் பள்ளத்துக்கு இறங்கிப் போக வேண்டும். அறப்பளீஸ்வரர் கோயிலருகே தொடங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். ஒரு படிக்கு ஏழு அங்குலம் என்று வைத்தால்கூட அறுபது மாடி உயரம் வருகிறது. குளித்து, களைத்து, பசியோடு அத்தனையும் திரும்ப ஏறியாக வேண்டும். ஆகவே இந்தப் பயணத்துக்கு நேரம் குறிக்கும்போது வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை முதலில் யோசிக்காதீர்கள். அருவியிலிருந்து மேலே ஏறத் தொடங்கும் நேரத்தை முதலில் குறியுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

◆ முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கொடியது. ஒவ்வொரு படியிலும் உடல் எடை முழுவதையும் தாங்கி நிறுத்துவது முழங்கால்தான். பெரியவர்களை அழைத்துப் போனால் அவர்களோடு ஒருவர் கோயிலிலேயே தங்கிவிடுவது நல்லது. அங்கும் ஓடையில் கால் நனைக்கலாம், மீன்களுக்குப் பொரி போடலாம். அந்த மீன்களை யாரும் பிடிப்பதில்லை. அறுத்த மீனையும் இறைவன் பொருத்தி உயிர்ப்பித்து நீரில் விட்டார் என்பது இந்தத் தலத்தின் கதை.

◆ ஐயாறு என்ற மலை ஆறுதான் இங்கே அருவியாக விழுகிறது. அதே நீர் மலையடிவாரத்தில் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்கு வந்து, பாறைகளுக்கு நடுவே நிதானமாக ஓடுகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள், படி ஏற முடியாதவர்கள் புளியஞ்சோலையைத் தேர்ந்தெடுக்கலாம். மலைமேலேயே இருக்க விரும்பினால் மாசிலா அருவியும் நம்ம அருவியும் இருக்கின்றன. இரண்டுமே சிறியவை, எளிதில் போய்ச் சேரலாம். பெயர் பெற்ற அருவி என்பதற்காகவே எல்லோரையும் ஆகாய கங்கைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

◆ ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. நாமக்கல் வெயிலில் வியர்த்துக்கொண்டு காரவள்ளியில் மலையேறத் தொடங்கினால், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டில் இறங்கும்போது உடம்பு அந்த வித்தியாசத்தை உணரும். அருவி விழும் இடமோ மலை இடுக்கு. வெயில் எட்டும் நேரம் குறைவு, எந்நேரமும் சாரல் தெறிக்கும் இடம். அங்கே தண்ணீர் சில்லென்று இருப்பதில் வியப்பில்லை.

◆ தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும். 22 டிகிரிக் காற்றில் சட்டையில்லாமல் சுகமாக உட்கார்ந்திருப்போம்; அதே 22 டிகிரித் தண்ணீரில் கொஞ்ச நேரத்தில் பல் கிட்டத் தொடங்கும்.

◆ குளிர்ந்த நீர் திடீரென்று உடம்பில் பட்டதும் நம்மை அறியாமலே பெருமூச்சு ஒன்றை உள்ளிழுக்கிறோம். அந்த நொடியில் முகம் நீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றல்ல, தண்ணீர். தொடர்ந்து மூச்சு வேகமாகி, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தமும் எகிறும். 15 டிகிரிக்குக் கீழே போகப் போக இந்த அதிர்ச்சி கடுமையாகும்.

கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், பனி உறையும் நீரில் விழுந்தவர்களுக்காக 1–10–1 என்று ஒரு கணக்குச் சொன்னார். முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர. அடுத்த 10 நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும் காலம். உடல் குளிர்ந்து நினைவு தவற ஏறக்குறைய 1 மணி நேரம். நம் மலை நீர் அந்த அளவுக்குக் குளிர்ந்ததல்ல. ஆனாலும் முதல் நிமிடத்தைப் பற்றிய பாடம் இங்கும் செல்லும். பாதம், கை, முகம், பிடரி என்று ஒவ்வொன்றாக நனைத்துக்கொண்டு, மூச்சு சீரான பிறகு உள்ளே போங்கள். இதயக் கோளாறோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அருவிக்கடியில் தலையைக் கொடுக்கவே கூடாது.

◆ கோடையிலும் கடல் சில்லிட்டுக் கிடக்கும் ஊர் உண்டு. சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய கலிபோர்னியாக் கரையில் காற்று மேல்நீரை ஒதுக்கித் தள்ள, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஜூலை மாதத்திலும் அங்கே கடல் 15 டிகிரியைத் தாண்டுவது அரிது. மாநிலப் பூங்காக்களின் அழகிய கடற்கரைகளுக்கு வருவோர் பலர் கால் நனைத்ததோடு திரும்பிவிடுகிறார்கள். அலைச்சறுக்குப் பலகையோடு வருவோர் தடித்த ரப்பர் உடையோடுதான் இறங்குகிறார்கள். மெரினாவில் கால் நனைத்துப் பழகிய நம் பிள்ளைகள் அங்கே படிக்கவோ வேலைக்கோ போகும்போது, கடலென்றால் வெதுவெதுப்பு என்று நம்பி இறங்கிவிடக் கூடாது.

◆ 1847-இல் பிரித்தானிய அறிவியலாளர் ஜூல், தேனிலவுக்கு ஆல்ப்ஸ் மலைப்பக்கம் போனபோதும் வெப்பமானியைக் கையோடு கொண்டுபோனார். அருவி விழும் வேகத்தில் அடியிலுள்ள நீர் சற்றுச் சூடாக வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கை ஆகாய கங்கைக்குப் போட்டால், 300 அடிக்கு ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குதான் சூடு ஏறும்.

◆ அருவி நீர் கீழே வரும்போது துளிகளாகச் சிதறுகிறது. காற்றின் தடையால் துளிகளின் வேகம் மட்டுப்படுகிறது. அதனால்தான் இவ்வளவு உயரத்து நீர் தோளில் விழுந்தும் நாம் நிற்க முடிகிறது. கல்லுக்கு இந்தச் சலுகை கிடையாது. 300 அடியிலிருந்து உருண்டு வரும் ஒரு கூழாங்கல், காற்றுத் தடையைக் கழித்தாலும் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து இறங்கும். மரக்கிளையும் அப்படியே. நட்டநடுவில், நீர் கனமாக விழும் இடத்தில் போய் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஆசையை விட்டுவிடுங்கள். ஓரத்தில், சாரலாகச் சிதறும் இடமே குளிப்பதற்கு உகந்தது. இன்பமும் அங்கேதான் அதிகம்.

◆ கடலில் மிதக்கப் பழகியவர்களுக்கு ஆற்று நீரில் உடம்பு கனக்கும். உப்பு நீர், நன்னீரைவிடச் சுமார் இரண்டரை விழுக்காடு அடர்த்தி கூடியது. அருவிக்கடியில் நிலைமை இன்னும் மோசம். நுரைத்துப் பொங்கும் நீரில் பாதி காற்றுக் குமிழிதான். அது உடம்பைத் தாங்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அங்கே அமிழ்ந்து போவதுண்டு. பாறையிலிருந்து தலைகீழாகக் குதிப்பதோ கழுத்தெலும்பை முறிக்கும் வேலை. மேலிருந்து பார்க்க ஆழமாகத் தெரியும் இடத்தில் முழங்காலளவில் ஒரு பாறை இருக்கலாம்.

◆ வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வரும் என்பது தெரியுமா? நாம் நிற்கும் இடத்தில் வெயிலடிக்க, நாலு மலைக்கு அப்பால் கொட்டிய மழை ஓடைகள் வழியாகத் திரண்டு சில நிமிடங்களில் வந்து சேர்ந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கோடை விடுமுறைக் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தபோது பாய்ந்து வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான்.

வெள்ளம் வருமுன் ஆறு சில அறிகுறிகளைக் காட்டும். தெளிந்திருந்த நீர் செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அருவியின் ஓசை கனத்துக் கேட்கும். சற்று முன் நீங்கள் உட்கார்ந்திருந்த பாறையின் ஓரம் நனையத் தொடங்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் துண்டையும் செருப்பையும் தேடாதீர்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு உயரமான இடத்துக்கு ஏறுங்கள். அக்கரைக்குப் போய்விட்டவர்கள் அக்கரையிலேயே மேடேற வேண்டும். ஆற்றைக் கடந்து வர முயலக் கூடாது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் நீர்கூட ஆளைச் சாய்க்கப் போதும்.

◆ உலகில் 2021-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஐ.நா. சபை ஜூலை 25-ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

◆ எப்போது போவது? ஆடிப்பெருக்கையொட்டி ஆகஸ்ட் தொடக்கத்தில் மலைமேலுள்ள செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். கடையெழு வள்ளல்களில் ஒருவன், ஒரே அம்பால் யானை முதல் உடும்பு வரை ஐந்து உயிர்களைத் துளைத்தவன் என்று புறநானூறு போற்றும் ஓரியின் மலை இது. விழாவைப் பார்க்க விரும்பினால் அந்த நாட்களில் போங்கள். குளிப்பதுதான் நோக்கமென்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், படியெங்கும் நெரிசல். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் குளிக்கத் தடை விழும். என்னைக் கேட்டால், மழை ஓய்ந்து நீர் தெளியும் மார்கழி, தை மாதங்களின் வார நாட்களே சிறந்தவை. மாசிக்குப் பிறகு நீர் மெலிந்துகொண்டே போகும்.

◆ மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். வாந்தி வரும் சுபாவம் உள்ளவர்கள் முன்னிருக்கையில் உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

◆ நனைந்த பருத்தித் துணி வெகுநேரம் ஈரத்தை விடாது. அந்த ஈரம் உலர உலர உடம்புச் சூடும் அதோடு போகும். குளித்து முடித்ததும் தலையைத் துவட்டி, உலர்ந்த உடைக்கு மாறிவிட்டுப் படியேறுங்கள். குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாகக் குளிர்ந்துவிடுவார்கள். உதடு நீலம் பாரித்தாலோ பேச்சு குழறினாலோ, "இன்னும் அஞ்சு நிமிஷம்ப்பா" என்று கெஞ்சினாலும் விடக்கூடாது.

◆ மது, உடம்பைச் சூடாக்குவதுபோல் ஒரு மயக்கத்தைத்தான் தரும். உண்மையில் அது தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே அனுப்பிவிடுகிறது. குடித்தவரை அருவிக்கு அழைத்துப் போகாதீர்கள். பாசி படர்ந்த பாறையில் அவரைத் தாங்கிப் பிடிக்கும் அடுத்தவருக்கும் ஆபத்து.

◆ குளித்து வந்ததும் குடிக்க இங்கே ஒன்று உண்டு: முடவாட்டுக்கால் கிழங்கு சூப். மரங்களிலும் பாறைகளிலும் பற்றி வளரும் ஒரு பெரணிச் செடியின் தண்டுதான் இந்தக் கிழங்கு. மேலே பழுப்பு ரோமம் மூடி ஆட்டுக்காலைப் போலவே இருக்கும். மிளகும் சீரகமும் தட்டிப் போட்ட அந்தச் சூடான சூப்புக்கு ஈடாக வேறெதையும் அந்தக் குளிரில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மிளகு இந்த மலையிலேயே விளைவது. ஊருக்கு வாங்கிப் போகச் சோளக்காட்டுச் சந்தையில் மலைவாழை, பலா, மிளகு எல்லாம் பருவத்துக்கேற்பக் கிடைக்கும்.

◆ மூலிகைகளில் ஊறி வருவதால் இந்த நீர் நோய் தீர்க்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குளித்ததும் வரும் புத்துணர்ச்சி உண்மைதான். அதை நம்பி அன்றாட மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ஓடை நீரைப் பாட்டிலில் பிடித்துக் குடிக்கவும் வேண்டாம், மேலே ஊர்களும் தோட்டங்களும் இருக்கின்றன.

◆ நீங்கள் தேய்த்துவிடும் ஷாம்பு கீழே புளியஞ்சோலையில் குளிக்கும் குழந்தையின் கண்ணுக்குப் போகிறது. குற்றாலத்தில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்குத் தடை இருக்கிறது. இங்கேயும் அந்தக் கட்டுப்பாட்டை நாமே விதித்துக்கொள்வோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுவதும் தடை. தின்பண்டப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு படியில் நடந்தால் குரங்கு பிடுங்கும். பிடுங்கிய உறை காட்டிலேயே கிடக்கும். துணிப்பைக்குள் மூடி வைத்துக்கொண்டு போங்கள்.

◆ செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்குச் சுமார் 15 கிலோமீட்டர். அந்தத் தொலைவைக் கடக்குமுன், செம்மேட்டிலேயே நின்று அன்று அருவியில் நீர் எப்படி, குளிக்க விடுகிறார்களா என்று விசாரித்துவிடுங்கள். "இன்னிக்கு வேணாம்" என்று வனத்துறை ஊழியர் சொன்னால் தயவுசெய்து அவரிடம் வாதாடாதீர்கள். வாசலூர்பட்டி படகு இல்லமும் சீக்குப்பாறைக் காட்சிமுனையும் அன்றைய பொழுதுக்குப் போதும். பள்ளத்துக்கு இறங்கும் முன் எத்தனை பேர் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று மேலே இருக்கும் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். கீழே கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது.