புற்றுக் கட்டியினுள் நிற்கும் காவற்படை

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய யாம் சங்க இலக்கியத்திலோ சமயத்திலோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வோமென்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும் எம் பழைய மாணவருள் மருத்துவர் பலர் உளர். உயிரியல் பயிலும் மாணவரும் எமது வகுப்புகளில் அமர்கின்றனர். புற்றுநோய் எட்டிப் பாராத குடும்பமோ இக்காலத்தில் அரிது. ஆதலின் அந்நோய்பற்றி அண்மையில் வளர்ந்துவந்த ஆராய்ச்சியொன்றைத் தமிழிற் சொல்லிப் பார்க்கத் துணிந்தோம்.

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரத்தைப் படிப்பிக்கும்பொழுது மாணவர் எளிதிற் கடந்து போகும் கருத்தொன்றுண்டு. மருத்துவன் பிணியை மாத்திரம் அளந்தாற் போதாது, பிணியுற்றவனையும் அளத்தல்வேண்டும் என்பதே அது. பிணியுற்றவனை அளத்தலாவது யாதென வினவினால், வயது, உடல்வலிமை என விடை கூறுதல் வழக்கம். புற்றுநோயைப் பொறுத்தவரையில் இவ்வினாவுக்கு வேறொரு விடையும் இப்போது கிடைத்துள்ளது.

இருபதாம் நூற்றாண்டு முழுவதும் மருத்துவர் அளந்தது பெரும்பாலும் பிணியையே. பிரான்சு நாட்டு அறுவை மருத்துவரான பியர் டெனுவா என்பார் 1943க்கும் 1952க்கும் இடையில் வகுத்த முறையே இன்றும் உலகெங்கும் வழங்குவது. கட்டி எவ்வளவு பெரிது, எவ்வளவு ஆழம் ஊடுருவியது; அயலிலுள்ள நிணநீர்க் கணுக்களைப் பற்றியதா; தொலைவிலுள்ள ஈரல், நுரையீரல் முதலியவற்றுக்குப் பரவியதா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டு, நோயை நான்கு நிலைகளுள் ஒன்றில் வைப்பர். பயனுள்ள முறைதான். எனினும் அதிலொரு குறை உண்டு. ஒரே நிலையில் வைக்கப்பட்ட இருவர் ஒரே வகையான அறுவையைப் பெற்றும், ஒருவர் பல்லாண்டு நலமே வாழ்கிறார். மற்றவருக்கு இரண்டாண்டுக்குள் நோய் மீள்கிறது. பகைவன் எத்துணைப் பெரியவன் என்று மட்டும் எண்ணி, கோட்டையுள் நிற்கும் மறவரை எண்ணாது விட்டால் போரின் முடிவை எங்ஙனம் கணிப்பது? புறத்திணையில் உழிஞையை மட்டும் படித்து நொச்சியை விட்டுவிட்டாற் போன்றதே இது.

அம்மறவர் யாவர்? குருதியிலும் நிணநீரிலும் திரியும் வெண்கலங்களுள் ஒருவகையினவாகிய நிணநீர்க் கலங்களே அவர். (தமிழகத்தார் ‘செல்’ என்பதையே எமது பாடநூல்கள் ‘கலம்’ என்கின்றன. யாம் எமது வழக்கையே கைக்கொள்கிறோம்.) இவற்றுள்ளும் மார்பெலும்பின் பின்னேயுள்ள தைமசுச் சுரப்பியில் முதிர்ச்சியடைவன ரி-கலங்கள் எனப்படும். ஒவ்வொரு ரி-கலத்தின் மேற்பரப்பிலும் அதன் இனத்தைக் காட்டும் புரதங்கள் உள. சீ.டி. 3 என்னும் புரதம் ரி-கலங்கள் எல்லாவற்றுக்கும் பொது, சீ.டி. 8 என்பது அவற்றுள் பகைக்கலத்தை நேரே கொல்லவல்ல பிரிவுக்கு உரியது. முன்னது படைவீரன் என்பதற்கு அடையாளம். பின்னது வாளேந்திய வீரன் என்பதற்கு அடையாளம் எனக் கொள்ளலாம்.

கட்டியினுள் வெண்கலங்கள் காணப்படுதலை ஜேர்மனிய அறிஞர் றூடொல்ப் விர்ஹோ 1863ஆம் ஆண்டிலேயே குறித்துள்ளார். ஆனால் அவை அங்கே காவல் செய்யவே வந்தன என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. கருந்தோற் புற்றான மெலனோமாவில் இக்கலங்கள் செறிந்துள்ளனவா, அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ளனவா, இல்லையா என நோக்கி, அதனை நோயாளியின் வாழ்நாளோடு பொருத்திக் காட்டினர் அமெரிக்காவில் கிளார்க் என்பாரும் அவர்தம் கூட்டத்தினரும், அது 1989இல். சூலகப் புற்றுநோய்பற்றி 2003இல் வெளிவந்த ஆய்வு இன்னும் வியப்பானது. கட்டியினுள் ரி-கலங்கள் இருந்த பெண்களில் நூற்றுக்கு 38 பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்ந்தனர். அவை இல்லாதவரில் அவ்வாறு வாழ்ந்தோர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை.

இக்கருத்தை அளவைக்கருவியாக்கிய பெருமை பாரிசு நகரத்து ஜெரோம் கலோன், பிராங் பஜேஸ் ஆகியோர்க்குரியது. பெருங்குடற் புற்றுநோயில் இக்கலங்களின் வகை, செறிவு, நிற்குமிடம் மூன்றும் நோயின் போக்கை முன்னறிவிக்கும் என 2006இல் அவர்கள் எழுதினர். நிற்குமிடம் என்றது கருதத்தக்கது. கட்டியின் நடுப்பகுதி ஒன்று. கட்டி நல்ல இழையத்தைத் தொட்டு முன்னேறும் விளிம்பு மற்றொன்று. மதிற்புறத்தும் அகத்தும் ஒருங்கே காவல் இருந்தாலன்றிக் கோட்டை நிலைப்பதரிது.

எண்ணும் முறையைச் சிறிது விரித்துரைப்போம். அறுவையில் நீக்கிய கட்டியை மெழுகிற் பதித்துத் தாளினும் மெல்லிய சீவல்களாக வெட்டுவர். அடுத்தடுத்த இரு சீவல்களில் ஒன்றிற் சீ.டி. 3ஐயும் மற்றையதிற் சீ.டி. 8ஐயும் சென்று பற்றும் பிறபொருளெதிரிகளை இடுவர். பற்றிய கலங்கள் கபில நிறமாய்த் தோன்றும். பின்னர்ச் சீவல் முழுவதையும் கருவியாற் படமெடுத்து, நோயியலாளர் நடுவையும் விளிம்பையும் சரிபார்க்க, ஒரு சதுர மில்லிமீற்றருக்கு எத்தனை கலங்கள் எனக் கணினி எண்ணும். இவ்வாறு கிடைக்கும் நான்கு செறிவுகளையும் முன்னர் அளக்கப்பட்ட பெருந்தொகை நோயாளரின் வரிசையில் வைத்து, நூற்றில் எவ்விடம் எனக் கண்டு சராசரி எடுப்பர். 25 வரை தாழ்வு, 70 வரை இடைநிலை, அதற்கு மேல் உயர்வு. இதுவே ‘இமியூனோஸ்கோர்’. நிர்ப்பீடனப் புள்ளி எனத் தமிழிற் கூறலாம். குருதியிலுள்ள வெல்லத்தின் அளவு நீரிழிவுக்குச் சுட்டியாதல்போல இது புற்றுநோய்க்கு ஓர் உயிர்ச்சுட்டி.

ஒரு நகரத்தில் உண்மையானது உலகெங்கும் உண்மையாகுமா? பதின்மூன்று நாடுகளிலிருந்து திரட்டிய 2681 நோயாளரின் கட்டிகளை இம்முறையால் அளந்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. அதன் முதற்பகுதி நோயாளருள், உயர்ந்த புள்ளி பெற்றோரில் ஐந்தாண்டுக்குள் நோய் மீண்டது நூற்றுக்கு 8 பேருக்கு. இடைநிலையில் 19 பேருக்கு. தாழ்ந்த புள்ளியினரில் 32 பேருக்கு.

இவ்வெண்களாற் பயன் என்ன என்று கேட்போருக்கு இரண்டாம் நிலை நோயாளரையே காட்டுவோம். இவர்களுக்கு நிணநீர்க் கணுக்களிற் புற்றில்லை. பெரும்பாலோர் அறுவையாலேயே குணமாவர். சிலருக்கு மாத்திரம் நோய் மீளும். அச்சிலர் யாரென அறியாது எல்லோருக்கும் மருந்தேற்றினால், வேண்டாதாரும் வாந்தி, சோர்வு முதலிய துன்பம் உறுவர். ஒக்ஸாலிபிளாற்றின் என்னும் மருந்தால் வரும் விரல் விறைப்போ சிலருக்கு ஆண்டுக்கணக்காக நீங்குவதில்லை. கைவினையாலோ எழுத்தாலோ பிழைப்பவருக்கு அது சிறு துன்பமன்று. மருந்தே வேண்டாமெனில், தேவைப்பட்டோர் கைவிடப்படுவர். இவ்விரு தீங்குக்குமிடையே வழிகாட்டவே இப்புள்ளி முயல்கிறது. மூன்றாம் நிலையினரில் அதே மருந்தை மூன்று மாதம் கொடுப்பதா ஆறு மாதம் கொடுப்பதா என ஆராய்ந்த பிரெஞ்சுப் பரிசோதனையொன்றில், 2020இல் வெளிவந்த கணிப்பின்படி, நீண்ட மருந்தாற் பயன் பெற்றோர் உயர்ந்த, இடைநிலைப் புள்ளியினரே. தாழ்ந்த புள்ளியினருக்கு அப்பயன் தெளிவாகத் தோன்றவில்லை. வலிமை குன்றியவனுக்கே மருந்து மிகுதியாக வேண்டுமென நாம் நினைப்போம். இங்கோ மருந்தும் படையும் சேர்ந்தே தொழிற்படுகின்றன போலும்.

ஆயினும் கூட்டம் கண்டவிடமெல்லாம் நன்மையென்று கொள்ளற்க. சிறுநீரகப் புற்றுநோயின் பெருவகையிற் சீ.டி. 8 கலங்கள் மிகுதியாயிருத்தல் தீக்குறியாகக் காணப்பட்டுள்ளது. மார்பகப் புற்றிலும், ஓமோன் ஏற்பிகளோ ஹேர்2 புரதமிகுதியோ இல்லாத வகையில் இக்கலங்கள் நற்குறியாக, ஓமோன் ஏற்பியுள்ள வகையிலோ கதை அவ்வளவு தெளிவாயில்லை. படையினுள்ளேயே படையை அடக்கும் கலங்களும் உள. ஜப்பானிய அறிஞர் சகாகுச்சி முதலியோர் இவற்றைப்பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகவே 2025இல் நொபெல் பரிசு பெற்றனர். வாளிருந்தும் கை கட்டுண்டு நிற்கும் கலங்களும் உண்டு. அக்கட்டை அவிழ்க்கும் மருந்துகளுக்கு வழிகாட்டிய அலிசன், ஹொஞ்சோ இருவரும் அப்பரிசை 2018இல் பெற்றனர். இம்மருந்துகள் பொதுவாக, ரி-கலங்கள் ஏற்கெனவே புகுந்துள்ள கட்டிகளிலேயே நன்கு வேலை செய்கின்றன. வெறுங்கோட்டையிற் கட்டவிழ்க்க ஆளில்லை.

இன்னுமொரு தடை உண்டு. மேற்கூறிய எண்ணிக்கைக்கு விளிம்போடு கூடிய முழுக்கட்டி வேண்டும். அறுவைக்கு முன் கிள்ளியெடுக்கும் துணுக்கில் விளிம்பு அமைவது அரிது. மலக்குடற் புற்றுநோயிலோ அறுவைக்கு முன்பே கதிர்ச்சிகிச்சையும் மருந்தும் கொடுக்கின்றனர். கட்டி முற்றாகக் கரைந்துவிட்டால், மலவாயிலை இழக்கச் செய்யும் அறுவையைத் தவிர்த்து நோயாளியைக் கண்காணித்திருத்தலும் உண்டு. அங்ஙனம் கரையக்கூடியவர் யாரென அறிதற்காக, துணுக்கிலுள்ள ரி-கலங்களை மட்டும் எண்ணும் முறையொன்றையும் பாரிசுக் குழுவினர் ஆக்கி 2020இல் வெளியிட்டுள்ளனர். செறிவு கூடியவரிடத்தே கட்டி நன்கு கரைதலை அவ்வாய்வு காட்டிற்று.