பழைய மகிழுந்துகளின் முகப்பு விளக்கு மின்கோளாறுகள்

முகப்பு விளக்கு மின்கோளாறு என்பது மகிழுந்தின் முன்விளக்குகளுக்குத் தேவையான மின்னழுத்தம் முழுமையாகச் சென்றடையாததால் ஏற்படும் குறைபாடு ஆகும். விளக்கு மங்கி எரிதல், ஒரு பக்கம் மட்டும் எரிதல், மேடு பள்ளத்தில் அணைந்து அணைந்து எரிதல், தொடர்பில்லாத வேறொரு விளக்கு சேர்ந்து ஒளிர்தல் ஆகியன இதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டதும் குமிழை மாற்றிப் பார்ப்பதே வழக்கம். ஆனால் 1950கள் முதல் 1970கள் வரையிலான மகிழுந்துகளில் குறை பெரும்பாலும் குமிழில் இருப்பதில்லை. கம்பி இணைப்புகளிலும், மின்னோட்டம் மின்கலத்துக்குத் திரும்பும் வழியிலுமே அது ஒளிந்திருக்கும்.

கோயம்புத்தூரும் பழைய மகிழுந்துகளும்

1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர் ஜி. டி. நாயுடு (1893–1974). அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளையின் மகிழுந்து அருங்காட்சியகம் கோயம்புத்தூர் அவினாசி சாலையில் 2015 இல் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்துக்கு வெளியே, வீடுகளில் பேணப்படும் பழைய வண்டிகளுள் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு எரால்டு ஆகியன குறிப்பிடத்தக்கவை. அம்பாசடர் பிரித்தானிய மாரிசு ஆக்சுபோர்டு வழிவந்தது. 2014 வரை உற்பத்தியில் இருந்தது. பத்மினி இத்தாலிய பியட் 1100 வழிவந்தது.

இவ்வண்டிகளை இரவில் எடுத்துச் செல்லும்போதுதான் விளக்கின் குறை தெரியவரும். ஆழியாற்றில் இருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் செல்லும் சாலையில் மூடுபனி வழக்கமானது. இத்தகைய பாதையில் மங்கிய விளக்கு வெறும் அழகுக் குறை அன்று.

மின்சுற்றின் அமைப்பு

பிரித்தானிய வழி மகிழுந்துகளில் மின்னோட்டம் மின்கலத்தில் இருந்து விளக்கு ஆளிக்கும், அங்கிருந்து ஒளி தாழ்த்தும் ஆளிக்கும், பின்னர் இரு முகப்பு விளக்குகளுக்கும் செல்கிறது. ஒவ்வொரு குமிழிலும் இரண்டு இழைகள் உண்டு. தொலைவுக்கு ஒளி வீசுவதைப் பட்டறைகளில் ‘பிரைட்’ என்றும், தாழ்ந்த ஒளியை ‘டிம்’ என்றும் அழைப்பர். திரும்பும் வழிக்குத் தனிக் கம்பி மின்கலம் வரை இழுக்கப்படுவதில்லை. வண்டியின் இரும்பு உடலே அவ்வேலையைச் செய்கிறது. இதுவே ‘எர்த்’.

இச்சுற்றை அறிய நிறங்கள் பெரிதும் உதவும். லூக்காசு நிறுவனத்தின் முறைப்படி, மின்கலத்தில் இருந்து உருகி இல்லாமல் வரும் கம்பி பழுப்பு நிறம். விளக்கு ஆளியில் இருந்து ஒளி தாழ்த்தும் ஆளிக்குச் செல்வது நீலம். அங்கிருந்து பிரைட் இழைக்குச் செல்வது நீலத்தில் வெள்ளைக் கோடு, டிம் இழைக்குச் செல்வது நீலத்தில் சிவப்புக் கோடு. எர்த் கம்பி கறுப்பு. இந்தியாவில் இம்முறை பரவ, 1961 இல் சென்னையில் தொடங்கப்பட்ட லூக்காசு-டிவிஎஸ் நிறுவனமும் ஒரு காரணம். எனினும் பல கைகள் பட்டுவிட்ட வண்டியில் நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. கையில் கிடைத்த கம்பியைக் கொண்டு ஒட்டுப் போடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

மேலைநாட்டு ஆர்வலர்கள் லூக்காசைக் கேலியாக ‘இருளின் இளவரசன்’ என்பர். இது முற்றிலும் நியாயமான பட்டம் எனக் கூற முடியாது. அரை நூற்றாண்டு மழையும் தூசியும் கண்ட பித்தளை இணைப்பு எந்த நிறுவனத்துடையதாயினும் களிம்பு ஏறவே செய்யும்.

மின்னழுத்த இழப்பு

45 வாட்டுக் குமிழ் இரண்டு எரியும்போது 12 வோல்ட்டில் சுமார் 7.5 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். வழியில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலும் 0.75 வோல்ட்டு அங்கேயே வெப்பமாக வீணாகிவிடும். இழைக்குமிழின் ஒளி மின்னழுத்தத்தை விட மிக வேகமாகக் குறையும் தன்மையது. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது. 12 வோல்ட்டு 10 ஆகிவிட்டால் பாதி ஒளியே எஞ்சும்.

வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட்டுக் குமிழ் பொருத்துவது இதனாலேயே தவறான மருந்தாகிறது. மின்னோட்டம் 16 ஆம்பியருக்கு மேல் உயர, அதே தடையில் இழப்பும் இரு மடங்குக்கு மேலாகிறது. ஆளியும் கம்பியும் சூடேறுகின்றன. அக்காலத்துப் பல பிரித்தானிய வண்டிகளில் முகப்பு விளக்குச் சுற்றுக்கு உருகியே கிடையாது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். எலி கடித்த கம்பி உடலில் பட்டால் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. கம்பியின் உறையே எரியத் தொடங்கும்.

எர்த் கோளாறு

மிகவும் குழப்பம் தருவது இதுவே. எடுத்துக்காட்டாக, இடப்பக்க விளக்கின் எர்த் இணைப்பு துருப்பிடித்து விட்டுப்போனதாகக் கொள்வோம். டிம் போட்டதும் வலப்பக்க விளக்கு ஒழுங்காக எரியும். இடப்பக்க டிம் இழைக்குள் நுழைந்த மின்னோட்டத்துக்கோ திரும்ப வழியில்லை. அது அதே குமிழின் பிரைட் இழை வழியாகப் பின்னோக்கிச் சென்று, பிரைட் கம்பியில் ஏறி, வலப்பக்கக் குமிழின் பிரைட் இழை வழியாக எர்த்தை அடைகிறது. 12 வோல்ட்டு மூன்று இழைகளுக்குப் பங்கிடப்படுவதால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 4 வோல்ட்டே கிடைக்கும். இடப்பக்க விளக்கு செந்நிறமாக மங்கி எரியும். அத்துடன், டிம் போட்டிருக்கும்போதே ஓட்டுநர் முன்னுள்ள பிரைட் அறிகுறி விளக்கும் மெல்ல ஒளிரும். இவ்விரண்டும் சேர்ந்து காணப்பட்டால் ஆளியைக் கழற்றத் தேவையில்லை. மங்கி எரியும் விளக்கின் எர்த்தையே முதலில் பார்க்க வேண்டும்.

வண்டிக்குப் புதிதாக வண்ணம் பூசிய பின் இக்குறை தோன்றுவதும் உண்டு. எர்த் திருகின் அடியில் வண்ணம் படிந்து தடையாகிவிடுகிறது. அவ்விடத்தை உலோகம் தெரியும்வரை உரசி, திருகை இறுக்கி, மேலே கிரீசு தடவினால் போதும்.

கண்டறியும் முறை

மின்சுற்று தொடர்கிறதா என்று மட்டும் காட்டும் சோதனை இங்கு ஏமாற்றும். பல இழைகள் அறுந்து ஒரே இழை மீந்த கம்பியும் ‘தொடர்பு உண்டு’ என்றே காட்டும், ஏனெனில் அளவியில் இருந்து பாயும் மின்னோட்டம் மிகச் சிறிது. ஆகவே விளக்கை எரியவிட்டே அளக்க வேண்டும்.

வோல்ட்டுமானியின் ஒரு முனையை மின்கலத்தின் எர்த் முனையிலும், மற்றதை விளக்கின் எர்த் முனையிலும் வைத்தால், திரும்பும் வழியில் இழக்கப்படும் வோல்ட்டு நேரடியாகத் தெரியும். நல்ல இணைப்பில் இது 0.2 வோல்ட்டுக்குள் இருக்கும். அவ்வாறே மின்கலத்தின் மற்ற முனைக்கும் குமிழுக்கு மின்சாரம் தரும் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். அங்கு அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் ஒவ்வொரு இணைப்பாக முனையை நகர்த்திச் செல்ல, இழப்பு எங்கே திடீரெனக் குறைகிறதோ அங்கே குறை உள்ளது.

பழைய அம்பாசடரில் ஒளி தாழ்த்தும் ஆளி தரையில், இடது காலால் அழுத்துமாறு அமைந்தது. செருப்பில் வரும் சேறும் மழைநீரும் முதலில் அதில்தான் சேரும். பிரைட் சரியாக எரிந்து டிம் மட்டும் இரு பக்கமும் எரியாவிட்டால் ஐயம் இவ்வாளியின் மேல் விழ வேண்டும். வண்டி நிற்கையில் மங்கி, இயந்திரத்தை முடுக்கினால் பளிச்சிடுவது வேறு கதை. டைனமோ உள்ள வண்டிகளில் மெதுவான சுழற்சியில் மின்னாக்கம் அநேகமாக இல்லாததால் அது இயல்பானதே.

கம்பியில் கை வைக்குமுன் மின்கலத்தின் எர்த் முனையை முதலில் கழற்றுதல் வேண்டும். அப்போது திருகு சாவி உடலில் பட்டாலும் பொறி எழாது.

ரிலே பொருத்துதல்

நிலையான தீர்வாகப் பலர் ரிலே பொருத்துகின்றனர். மின்கலத்தில் இருந்து உருகி வழியாக ரிலேயின் 30 ஆம் எண் முனைக்குத் தடித்த கம்பி வருகிறது. 87 ஆம் முனையில் இருந்து விளக்குக்குச் செல்கிறது. பழைய ஆளி 85, 86 முனைகளுக்கு இடையிலுள்ள சுருளை மட்டும் இயக்குவதால், அதன் வழியே ஓர் ஆம்பியரில் சிறு பங்கே பாயும். இரு பக்க விளக்குகளுக்கும் தனித்தனி உருகி வைப்பது நன்று. ஒன்று எரிந்தாலும் வளைவில் முழு இருள் சூழாது. மூலக் கம்பிகளை வெட்டாமல் இதைச் செய்ய முடியும் என்பதால், வண்டியின் பழைமை காப்போரும் இதனை ஏற்கின்றனர்.

1960களின் நடுப்பகுதி வரை பல பிரித்தானிய மகிழுந்துகளில் நேர்முனையே எர்த்தாக இருந்தது. இழைக்குமிழ் முனைகளை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. ஒளியுமிழ் இருமுனையக் குமிழ்கள் பெரும்பாலும் பார்க்கும். இத்தகைய வண்டியில் புதிய எல்இடி குமிழ் எரியாவிட்டால், எர்த் எந்த முனை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.